பைக்கோடு பெயரையும் மாற்றிக் கொடுங்கள்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் உள்ள தமிழ் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

செப்டம்பர் நெருங்குகிறது. சென்னை, கோவை, திருச்சி, யாழ்ப்பாணம் என்று எல்லாப் பக்கமிருந்தும் புதுப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கப் போகிறார்கள். விமான நிலையத்துக்கு ஆள் அனுப்புவது, சிம் கார்டு வாங்கித் தருவது, பேங்க் கணக்குக்குக் கூடப் போவது, அறை பார்த்துத் தருவது என்று நீங்கள் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். 2022-ல் நான் வந்தபோது எனக்கும் இதெல்லாம் கிடைத்தது. அந்த முதல் மாதத்தில் அண்ணன்களும் அக்காக்களும் இல்லையென்றால் நான் பாதியிலேயே ஊர் திரும்பியிருப்பேன். அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

ஆனால் அதே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் என் முதல் பைக்கையும் வாங்கினேன். என்ன நடந்தது என்று இதுவரை அந்தக் குழுவில் நான் சொன்னதில்லை. வெட்கம் தடுத்தது. இப்போது என் தம்பி வயதுப் பிள்ளைகள் அதே குழியில் விழுவதைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பைக் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். எனக்குக் கிடைத்த பகுதிநேர வேலை ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில். காலை 6 மணி ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. டாக்சிக்குக் கொடுத்தால் முதல் ஒன்றரை மணி நேரக் கூலி அதிலேயே போய்விடும். நவம்பரில் குழுவில் ஒரு செய்தி வந்தது: 125 சிசி, நல்ல கண்டிஷன், 950 பவுண்டு, ஜூனியர்களுக்கு முன்னுரிமை. அன்று சாயங்காலமே போனேன். வீட்டுக்குப் பின்னால், இரண்டு குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்கு அடியில் வண்டி நின்றது. மணி ஐந்துக்கே இருட்டிவிட்டது, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். செயின் முழுக்கச் செந்நிறமாகத் துருப்பிடித்திருந்தது. பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்று இருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் மனதில் ஏறவில்லை. அவர் ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தம் ஊரில் எங்கள் வீட்டு வண்டியின் சத்தம் மாதிரியே இருந்தது. அதோடு என் புத்தி போய்விட்டது.

வண்டியின் பதிவுத் தாளை இங்கே லாக்புக் என்பார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அதில் இருந்த பெயர் வேறு யாருடையதோ. கேட்டேன். "அந்த அண்ணா படிப்பு முடிச்சு ஊருக்குப் போயிட்டாரு தம்பி. நானும் பேரு மாத்தல. ஓட்டுறதுக்கு அது ஒண்ணும் தேவையில்ல" என்றார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? நம் ஊரில் 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்டிஓ ஆபீஸ் பக்கமே போகாமல் நாலு கை மாறிய வண்டிகள் எத்தனை! அப்பா வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டியே ஆறு வருடம் பழைய ஆளின் பெயரில்தான் ஓடியது. ஊர்ப் பழக்கம் நம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

இன்சூரன்ஸும் அதே குழுவில்தான். விலை ஒப்பிடும் தளங்களில் போட்டுப் பார்த்தபோது ஆண்டுக்கு 780 பவுண்டு காட்டியது. வெளிநாட்டு லைசென்ஸ், இந்த நாட்டில் முன் அனுபவம் இல்லை, வண்டி தெருவில் நிற்கிறது. அதனால் அந்த விலை. குழுவில் ஒருவர் ஒரு நம்பர் கொடுத்தார். மாணவர்களுக்குக் குறைவாகப் போட்டுத் தருபவராம். 220 பவுண்டு அனுப்பினேன், பத்து நிமிடத்தில் பிடிஎஃப் வந்தது. என் பெயர், வண்டி நம்பர், கம்பெனி முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

ஜனவரியில் ஒரு விடியற்காலை. தூறல். ரிங் ரோட்டில் பின்னால் வந்த போலீஸ் காரின் நீல விளக்கு எரிந்தது. அவர்கள் காரில் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும், இன்சூரன்ஸ் பதிவேட்டில் இல்லாத வண்டி உடனே தெரிந்துவிடும். எனக்கு அன்றுதான் அது தெரியும். வந்தவர் கோபப்படவே இல்லை. பிடிஎஃப்பை வாங்கிப் பார்த்தார், வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார், திரும்பி வந்து, இந்த பாலிசி நம்பரே கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. வண்டியைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். 300 பவுண்டு அபராதம், லைசென்ஸ் பதிவில் 6 தண்டனைப் பாயிண்ட். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் கிடங்கு வரை நடந்தேன். அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

வண்டியைத் திரும்ப எடுக்கலாம் என்றார்கள். ஆனால் அது என்னுடையது என்று காட்ட வேண்டும். லாக்புக்கிலோ கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவருடைய பெயர். முறையான இன்சூரன்ஸும் வேண்டும். சாதாரண பாலிசிகள் பலவும் பிடிபட்ட வண்டியை வெளியே எடுக்கச் செல்லாது. இதற்கிடையில் மீட்புக் கட்டணத்தோடு ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் விட்டுவிட்டேன். 950, 220, 300. கூட்டினால் 1470 பவுண்டு. என் அறைக்கு மூன்று மாத வாடகை.

எனக்கு வண்டி விற்ற அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்கும் அப்படித்தான் ஒருவர் விற்றார். அந்த இன்சூரன்ஸ் நம்பரைக் கொடுத்தவரும் தான் ஏமாந்ததே தெரியாமல்தான் எனக்குக் கொடுத்தார். அதனால்தான் தனி ஆளைக் குறை சொல்லாமல் சங்கங்களுக்கு எழுதுகிறேன். இது கைக்குக் கை, குழுவுக்குக் குழு போகும் வழக்கம். நீங்கள் நினைத்தால் ஒரே பருவத்தில் நிறுத்தலாம்.

லாக்புக் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வி5சி என்று இங்கே சொல்வதை நம்மவர்கள் ஆர்சி புத்தகம் மாதிரி நினைக்கிறோம். ஆர்சியில் இருப்பது உரிமையாளரின் பெயர். வி5சியில் இருப்பது 'கீப்பர்', அதாவது வண்டிக்குப் பொறுப்பாக இருப்பவரின் பெயர். இது உரிமைச் சான்று கிடையாது என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். அபராதக் கடிதம், கேமராவில் சிக்கிய கடிதம், வரிக் கடிதம் எல்லாம் அந்தப் பெயருக்கும் அந்த முகவரிக்கும்தான் போகும். படிப்பு முடித்து ஊருக்குப் போன அண்ணனின் பழைய வீட்டில் இப்போது வேறு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கடிதங்களைப் பிரிக்காமலே குப்பையில் போடுகிறார்கள். விற்றதை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குச் சொல்லாமல் விட்டால் 1000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். நாளைக்கு வேலை விசாவில் திரும்பி வர நினைக்கும் ஒருவருக்கு இந்தத் தொல்லை தேவையா?

பெயர் மாற்ற ஒரு ஆபீஸுக்கும் போக வேண்டாம், ஒரு புரோக்கரும் வேண்டாம், ஒரு காசும் செலவில்லை. விற்பவர் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டே, லாக்புக்கில் இருக்கும் 11 இலக்க எண்ணையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் போனில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். லாக்புக்கிலிருந்து பச்சை நிறத் துண்டைக் கிழித்து வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டில் இருக்கும் 12 இலக்க எண்ணை வைத்து அப்போதே வரி கட்டிவிடலாம். புது லாக்புக் டிவிஎல்ஏ இருக்கும் சுவான்சீயிலிருந்து தபாலில் வரும். விற்பவரின் வரி வாங்குபவருக்கு வராது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். 2014 அக்டோபரோடு அந்த முறை போய்விட்டது. "ரோடு டாக்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்று யாராவது சொல்லி விற்றால் அதில் பொருளே இல்லை. 125 சிசி வண்டிக்கு ஆண்டு வரி 30 பவுண்டுக்கும் குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை. லாக்புக் தொலைந்துபோன வண்டி என்றால் வி62 படிவம் இருக்கிறது, 25 பவுண்டு. ஆனால் முதல் தடவை வாங்கும் பிள்ளை லாக்புக் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

லைசென்ஸ் பற்றி நம் குழுக்களில் உலாவும் தவறான பேச்சு கொஞ்ச நஞ்சமல்ல. ஊரில் கியர் பைக்குக்கு முழு லைசென்ஸ் இருந்தால், இங்கே வந்து குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்து ஓட்டலாம். அதோடு சரி. இந்திய லைசென்ஸையோ இலங்கை லைசென்ஸையோ கொடுத்து இந்த நாட்டு லைசென்ஸ் வாங்க முடியாது. இன்டர்நேஷனல் பெர்மிட் இருந்தால் காலம் முழுக்க ஓட்டலாம் என்று எனக்கு ஒருவர் அடித்துச் சொன்னார். பொய். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் 12 மாதம் புதிதாகத் தொடங்கும் என்பதையும் நம்ப வேண்டாம். அதற்குள் புரொவிஷனல் லைசென்ஸுக்கு, அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு, விண்ணப்பிக்க வேண்டும், ஆன்லைனில் 34 பவுண்டு. அப்புறம் சிபிடி என்ற ஒரு நாள் பயிற்சி. அது முடித்தால் 125 சிசி வரை, சிவப்பு 'எல்' பலகை மாட்டிக்கொண்டு, பின்னால் ஆள் ஏற்றாமல், மோட்டார்வே பக்கம் போகாமல் ஓட்டலாம். அந்தச் சான்றிதழ் 2 வருடம் செல்லும். அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடித்துவிட்டால் பலகையைக் கழற்றிவிடலாம்.

சிபிடி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் லைசென்ஸ் செல்லும் காலத்திலேயே அதற்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். திருச்சியில் ஆறு வருடம் ஓட்டியவன் நான். பாலக்கரை நெரிசலில் ஓட்டியவனுக்கு இந்தக் காலி ரோட்டில் என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது என்ற எண்ணத்தோடு போனேன். ஒரு பள்ளியின் பின்பக்க மைதானம், ஆரஞ்சுக் கூம்புகள். எட்டுப் போடச் சொன்னார்கள், அது சுலபம். வலப்பக்கம் திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன். பயிற்சியாளர் என்னை நிறுத்தி என் வலத் தோளைத் தட்டினார். கண்ணாடியைப் பார்த்தாயே, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டார். அந்தப் பார்வைக்கு இங்கே 'லைஃப்சேவர்' என்று பெயர். கண்ணாடியில் விழாத இடத்தில் ஒரு கார் இருக்கலாம். நம் ஊரில் பின்னால் வருபவன் ஹார்ன் அடிப்பான், அந்தச் சத்தத்தை நம்பியே நாம் ஓட்டிப் பழகியிருக்கிறோம். இங்கே யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. சத்தம் இல்லாத சாலையில் கழுத்தைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். அன்று மத்தியானம் காதில் ரேடியோ மாட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் ஓட்டினோம். ரவுண்டானாவில் எந்த லேனில் நுழைவது, இலை உதிர்ந்து ஈரமான வளைவில் எங்கே பிரேக் பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. நம் ஊரிலும் இடப்பக்கம், இங்கேயும் இடப்பக்கம் என்ற ஒரே காரணத்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். 150, 200 பவுண்டு ஆகும்தான். தேவையில்லாத செலவு என்று ஜூனியர்களிடம் சொல்லாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன்.

ஹெல்மெட்டும் அப்படித்தான். கிளம்பும் முன் அம்மா தேடித் தேடி வாங்கிப் பெட்டியில் வைத்தது, ஐஎஸ்ஐ முத்திரை போட்டது. இங்கே அந்த முத்திரை செல்லாது. ஐரோப்பிய இசிஇ 22 தரமோ பிரிட்டிஷ் தரமோ உள்ள ஹெல்மெட் வேண்டும். அம்மா கொடுத்ததை அறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன், தலையில் போடுவது வேறு.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். போலி பாலிசி விற்பவர்களுக்கு இங்கே 'கோஸ்ட் புரோக்கர்' என்றே பெயர் இருக்கிறது. இதற்கென்றே லண்டன் நகரப் போலீஸில் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பரவலான மோசடி. சமூக வலைத்தளத்திலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஆள் பிடிக்கிறார்கள். மொழி தெரியாதவன், புதிதாக வந்தவன், காசு குறைவாக இருப்பவன்தான் அவர்களுக்கு வேண்டியவன். பாலிசி விற்பவர் நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிஏவின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாலிசி வந்த பிறகு நம் வண்டி இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் ஏறியிருக்கிறதா என்று மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவின் (எம்ஐபி) தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்ப்பதும் இலவசம். அன்று எனக்கு இதை ஒருவர் சொல்லியிருந்தால் போதும். இன்னொன்று, விலை குறைய வேண்டும் என்று விண்ணப்பத்தில் 'முழு பிரிட்டன் லைசென்ஸ்' என்று டிக் அடிக்கச் சொல்லித் தருபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். விபத்து நடக்கும் அன்று அந்த டிக்கைப் பார்த்தே கம்பெனி கையை விரித்துவிடும். என் மேல் ஏறிய 6 பாயிண்டும் நான்கு ஆண்டு பதிவில் இருக்கும். ஒவ்வொரு முறை இன்சூரன்ஸ் விலை கேட்கும்போதும் அதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்ததைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். பைக் வாங்கும் பிள்ளைகளில் பலர் சாப்பாடு டெலிவரிக்காகத்தான் வாங்குகிறார்கள். குழுக்களில் டெலிவரி கணக்கை வாரவாடகைக்கு விடும் செய்திகள் வெளிப்படையாகவே வருகின்றன. மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. அந்த ஆப்களில் ஓட்டுபவர் சுயதொழில் செய்பவர்தான். பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற சலுகை இதற்குப் பொருந்தாது. அதோடு, வேலைக்குப் போய்வர என்று எடுத்த சாதாரண பாலிசி சாப்பாடு சுமக்கும்போது செல்லாது. அதற்குத் தனியாக ஒரு வகை வேண்டும், அதன் விலையே வேறு. ஆக, அந்தப் பிள்ளை ஒரு பார்சலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது விசாவும் ஆபத்தில், இன்சூரன்ஸும் இல்லை. யாராவது ஒரு வயதானவரை இடித்துவிட்டால்? ஊரில் நிலத்தை அடமானம் வைத்து அனுப்பிய அப்பா அம்மா இருக்கிறார்கள். கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை, நானும் வாரக் கடைசியில் நூடுல்ஸ் தின்று காலம் தள்ளியவன்தான். ஆனாலும் சங்கத்தின் பெயரில் ஓடும் குழுவில் அந்தச் செய்திகள் வரக் கூடாது. தயவுசெய்து நீக்குங்கள். போட்டவர் எத்தனை நெருங்கிய நண்பராக இருந்தாலும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 'சார்ன்', அதாவது வண்டி ரோட்டில் இல்லை, என்று டிவிஎல்ஏவிடம் அறிவித்துவிட்டு, ரோட்டில் விடாமல் வீட்டு வளாகத்துக்குள் வைக்க வேண்டும். நம்மவர்கள் இதைச் செய்யாமல் ஊருக்குப் போய், திரும்பி வரும்போது அபராதக் கடிதத்தோடு நிற்கிறார்கள்.

சரி, நான் என்னதான் கேட்கிறேன்? வரவேற்புக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் இருக்கும் சிபிடி பயிற்சி மையத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் நிச்சயம் வருவார்கள், அவர்களுக்கும் அது வேலைதான். குழுவில் பைக் விற்பனைச் செய்தி போடுபவர் லாக்புக் தன் பெயரில் இருந்தால் மட்டுமே போடலாம் என்று ஒரு விதி வையுங்கள். ஏற்கெனவே பழைய பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் நம்மிடம் எத்தனை என்று கேட்டு, இந்த ஆண்டுக்குள் எல்லாவற்றையும் ஓட்டுபவர் பெயருக்கு மாற்ற வையுங்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று எந்தத் தனி நம்பரையும் யாரும் பகிரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி பார்க்கப் போகும் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் கூடப் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. போகும் முன்பே நம்பரை வைத்து எம்ஓடி வரலாற்றை இலவசமாகப் பார்த்துவிடலாம். மூன்று வயது தாண்டிய ஒவ்வொரு வண்டிக்கும் வருடாவருடம் நடக்கும் பரிசோதனை அது, பைக்குக்கு அதிகபட்சக் கட்டணம் 29.65 பவுண்டு. போன வருடம் எத்தனை மைல், எதில் தோற்றது, எதை மாற்றச் சொன்னார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். நான் வாங்கிய வண்டியின் பக்கத்தைப் பிற்பாடு திறந்து பார்த்தேன். பின் டயரும் செயினும் தேய்ந்திருப்பதாக எட்டு மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தார்கள். இன்னும் பத்து, இருபது பவுண்டு செலவழித்தால் திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் அடிபட்டு இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளிய வண்டியா என்பதும் தெரிந்துவிடும். நேரில் போனதும் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் தட்டியிருக்கும் சேசிஸ் நம்பர் லாக்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நாம் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்க வேண்டும்.

இப்போது என்னிடம் என் பெயரில் லாக்புக் உள்ள ஒரு பழைய 125 இருக்கிறது. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. இந்தச் செப்டம்பரிலிருந்து மிட்லண்ட்ஸ் பக்கம் எந்தத் தம்பியோ தங்கையோ வண்டி பார்க்கப் போவதாக இருந்தாலும் உங்கள் சங்கம் வழியாக ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள். கூட வருகிறேன், காசு பணம் ஒன்றும் வேண்டாம். மற்ற ஊர்களில் இதே மாதிரி வர மனமுள்ள பழைய மாணவர்கள் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாக இருந்த பழைய மாணவன்